பாலாற்றுக் கிணறும் டெல்டாவின் எரிவாயுக் குழாயும்

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தப் பகுதியில் இனிப் புதிதாக வரக் கூடாத தொழில்களின் பட்டியல் ஒன்று அதன் அட்டவணையில் இருக்கிறது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றுக்காகக் கிணறு தோண்டுவது அதில் உண்டு. தோல் பதனிடுவதும் உண்டு. எரிவாயுவைப் பற்றித்தான் அன்று மேடைதோறும் பேசினார்கள். பட்டியலில் பக்கத்திலேயே இருந்த தோலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. எரிவாயுக் கிணறு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பது டெல்டாவில் இன்னும் வழக்காடப்படும் கேள்வி. தோல் என்ன செய்யும் என்பதற்கு வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றின் இரு கரையிலும் விடை கிடக்கிறது.

டெல்டாவின் கேள்வியை வேலூரின் அனுபவத்தை வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். தண்ணீர் கெட்டதா இல்லையா என்பதை ஊரில் யாரும் ஆய்வகத்துக்குப் போய்க் கேட்பதில்லை. வாயில் வைத்தால் தெரிந்துவிடும். சண்டை அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது: கெடுத்தது யார், அதை யார் நிரூபிப்பது?

சத்துவாச்சாரியில் நின்று பார்த்தால் இந்த நிலப்பரப்பு எளிதில் பிடிபடும். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையோரம் வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம் இது. நீதிமன்ற வளாகமும் இங்கேதான். வடக்கே பாலாறு. மேற்கே, ஆற்றின் போக்கில் மேலே, ஆம்பூரும் வாணியம்பாடியும். கிழக்கே, கீழே, மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும். நான்குமே தோல் ஊர்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது, இன்னொரு தோல் ஊரான பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஆறு ஒன்று, அதன் அடியில் ஓடும் நீரும் ஒன்று. மனு வாங்கும் அலுவலகம் மட்டும் மூன்றாகிவிட்டது.

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஓடுகிறது என்று எழுதுவது பழக்கதோஷம். ஆண்டின் பெரும்பகுதி அது மணல்வெளி. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது மக்கள் பாலங்களில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காட்சி அவ்வளவு அபூர்வம். ஆனால் இந்த ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள் மேலே ஓடும் நீரை நம்பி வாழவில்லை. மணலுக்கு அடியில் ஊறும் நீர்தான் அவர்களுடைய ஆறு. ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்குக் கொண்டுபோனார்கள், கிணறு தோண்டினார்கள். ஆற்றுப்படுகையை விட்டு விலகினால் கீழே கெட்டிப்பாறை. பாறைக்கு மேலே சிதைந்த கல்லும் மண்ணுமாக இருக்கும் அடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும் தேங்குகிற நீர்தான் கிணற்று நீர். அதன் கொள்ளளவு சிறியது. கெட்ட நீர் உள்ளே போனால் கலந்து நீர்த்துப்போக இடமில்லை. ஆற்றில் நல்ல வெள்ளம் வந்து கழுவிவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்தப் பக்கம் தோல் பதனிடுவது புதிதாக வந்த தொழில் அல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கழிவிலும் நாற்றம் உண்டு, உப்பும் உண்டு. ஆனால் அளவு குறைவு, வேகமும் குறைவு. 1970-களில் பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஷூவும்தான் வெளியே போக வேண்டும் என்பது கொள்கை. வேலைவாய்ப்பு பெருகியது, ஆம்பூர் ஷூ உலகச் சந்தைக்குப் போனது. கூடவே குரோமியம் வந்தது. பட்டை வாரக்கணக்கில் செய்ததைக் குரோமிய உப்பு ஒரே நாளில் டிரம்முக்குள் செய்து முடிக்கும். வேகம் கூடினால் தண்ணீர் கூடும், தண்ணீர் கூடினால் கழிவு கூடும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோம் முறையில் சுமார் 170 வகை வேதிப்பொருட்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றமே பின்னாளில் குறித்தது.

குரோமியம் என்ற பெயர்தான் செய்திகளில் அடிபடுகிறது. கிணற்றைக் கெடுத்தது பெரும்பாலும் அதுவல்ல. சமையலறையில் இருக்கும் அதே உப்புதான் கெடுத்தது. ஆடு மாடு அறுத்த இடத்திலிருந்து தொழிற்சாலைக்கு வரும்வரை தோல் அழுகாமல் இருக்க உப்பை அள்ளிப் பூசுவார்கள். தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போகும். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. பின்பு முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். பிறகு அமிலக் குளியல், அதிலும் உப்பு. அதற்கு அப்புறம்தான் குரோமியம்.

தோலோடு ஒட்டாமல் கழிவுநீரில் போகும் குரோமியம் பெரும்பாலும் மூவிணைதிறன் வகையைச் சேர்ந்தது. மண்ணைத் தொட்டதும் படிந்து, அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றுவிடும். உப்பு நிற்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். எந்த மண்ணும் அதை வடிகட்டாது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்காது. ஆகவே ஒரு கிணற்று நீரைச் சோதித்து, ‘இதில் குரோமியம் இல்லை, எங்கள் கழிவு இங்கே வரவில்லை’ என்று ஒரு தொழிற்சாலை சொன்னால் அந்த வாதம் செல்லாது. குரோமியம் வழியில் தங்கிவிட்டது. உப்பு மட்டும் கிணறு வந்து சேர்ந்தது. கிராமத்தில் யாருக்கும் இந்த வேதியியலைச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை.

உப்பேறிய கிணறு எப்படி இருக்கும்? பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், சில இடங்களில் பழைய நீரைவிடத் தெளிவாகக்கூட. துவரம்பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். வயலுக்குப் பாய்ச்சினால் முதல் இரண்டு போகம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு இலை நுனி கருகும், தென்னையில் குரும்பை உதிரும். சோடியம் ஏறிய களிமண் இறுகித் தண்ணீரைக் குடிக்க மறுக்கும். வெயில் காய்ந்தால் வரப்போரம் வெள்ளை பூக்கும். அந்த வயலில் பாய்ச்சிய நீர் மறுபடி கிணற்றுக்கு இறங்கும்போது முன்பைவிட அதிக உப்போடு இறங்குகிறது. தொழிற்சாலை மூடிய பிறகும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை.

அளவுகோலைச் சொல்லிவிடலாம். இந்தியக் குடிநீர்த் தரப்படி, கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே கிடையாது என்ற நிலையில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலை வெளியேற்றும் நீருக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு 2100. தோல் ஊறவைத்த தொட்டி நீரிலோ அது பல்லாயிரங்களில் நிற்கும்.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. தோல் ஊர்களின் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை அது பதிவு செய்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்பதும் அதில் உண்டு. அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழில் என்பதால் ஊர்த் தண்ணீரைக் கெடுக்கும் உரிமை வந்துவிடாது என்றது நீதிமன்றம். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். 2100 என்ற வரம்பைத் தளர்த்தக் கேட்ட கோரிக்கையும் எடுபடவில்லை. வழக்கை நடத்திய எம்.சி. மேத்தாவுக்குத் தமிழக அரசு 50,000 ரூபாய் கட்டணம் தர வேண்டும் என்பதுவரை தீர்ப்பு விவரமாகப் பேசியது.

தீர்ப்பில் இரண்டு கோட்பாடுகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும். இரண்டாவதற்குள் அடங்கிய ஒரு விதியைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். தன் தொழில் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. கிணற்றுக்காரர் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைதான் தன் மீது குற்றமில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஆற்றோரக் கிராமம் ஒன்றின் உழவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதத்தை எந்த நீதிமன்றமும் தந்ததில்லை.

ஆயுதம் கையில் வந்ததே தவிர, வீச்சு எப்படி இருந்தது? சூழல் இழப்பு தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையம் 1996 செப்டம்பரிலேயே அமைந்தது. 2001-இல் அது கணக்கை முடித்தது: 186 கிராமங்களில் 29,193 பேருக்கு, 547 தொழிற்சாலைகளிடமிருந்து, 26.82 கோடி ரூபாய். கணக்கில் எடுத்துக்கொண்ட காலம் 1991 ஆகஸ்டிலிருந்து 1998 டிசம்பர் வரை. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வரவில்லை; மாதத்துக்கு ஏறக்குறைய நூறு ரூபாய். தொழிற்சாலைக்கு ஐந்து லட்சம் அளவில் செலவு. ஏழரை ஆண்டு உப்புத் தண்ணீருக்கு இதுதான் விலை. அதையும் எதிர்த்து வழக்கு, மேல்முறையீடு, அப்புறம் 1998-க்குப் பிந்தைய சேதத்துக்கு என்ன கணக்கு என்று மறுபடி வழக்கு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாக்கியிருக்கும் இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், சேதம் சரியாகும்வரை அவர்களுடைய பொறுப்பு தீராது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. மனுப் போட்ட ஆண்டிலிருந்து 34 ஆண்டுகள். 1991-இல் மனுவுக்குக் காரணமான கிணற்றில் அன்று நீர் இறைத்தவர்களில் பலர் இன்று இல்லை.

இடையில் தொழில் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆரம்பத்தில் இவை சகதியையும் நாற்றத்தையும் குரோமியத்தையும் ஓரளவு பிடித்தன. கரைந்த உப்பை விட்டுவிட்டன, ஏனெனில் சாதாரணச் சுத்திகரிப்பால் அதைத் தொட முடியாது. பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாக்கப்பட்டது. சவ்வுகளில் நீரை வடித்து மறுபடி பயன்படுத்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பாக்கு. மின்சாரச் செலவு தாங்கவில்லை என்று சிறு முதலாளிகள் புலம்புவதில் பொய் இல்லை. அந்த உப்பை என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை யாரிடமும் நல்ல பதில் இல்லை. பலவகை வேதிப்பொருள் கலந்த அதை வாங்க ஆளில்லாமல் குவித்துவைக்கிறார்கள். ஆற்றின் அடியில் கரைய வேண்டியது கொட்டகையில் மூட்டையாகக் கிடக்கிறது என்ற அளவில் முன்னேற்றம்தான். ஆனால் 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சகதித் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிலத்தடி நீர் பற்றிய ஆய்வுகளில் இந்தச் சாவுகள் வருவதில்லை. கழிவை எங்கே வைப்பது என்ற கேள்வியில் அவை வந்தாக வேண்டும்.

இதே ராணிப்பேட்டையில்தான் குரோமியத்தின் மோசமான முகமும் இருக்கிறது. தோலுக்கான குரோமிய உப்பைத் தயாரித்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டேகால் லட்சம் டன் அளவுக்குக் கழிவைத் திறந்தவெளியில் போட்டுவிட்டுப் போனது. இது அறுவிணைதிறன் குரோமியம். மண்ணில் நிற்பதில்லை, நீரோடு போகும், புற்றுநோய் தருவது, மஞ்சளாகக் கண்ணுக்கே தெரியும். 2006-இல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. மூடிய ஆலையிடம் ‘நீ குற்றமற்றவன் என்று காட்டு’ என்று யார் சொல்வது? கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு, கெடுத்தவர் கடையைக் கட்டிவிட்டால் நொண்டியடிக்கிறது.

மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை நெடுங்காலம் ஆராய்ந்தவர். உழவர்களையும் தோல் முதலாளிகளையும் அதிகாரிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவும் முயன்றார். அப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் தொழில்தரப்பில் ஒரு வாதம் எழும்: உப்பு எங்களால் மட்டுமா? ஊர்ச் சாக்கடை இல்லையா, உரம் இல்லையா, பாறையே உப்பும் ஃபுளோரைடும் தரவில்லையா, ஆற்று மணலை அள்ளி நீரூற்றைக் குறைத்தது யார்? இதில் எதுவும் பொய்யல்ல. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தக் கிணற்றில் தொழிற்சாலை வருவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். பெரும்பாலான கிணறுகளுக்கு அது கிடையாது. பாட்டி ‘தேனாட்டம் இருக்கும்’ என்று சொன்னது நீதிமன்றத்தில் ஆவணமாகாது.

எரிவாயுக் கதைக்குள் இங்கேதான் நுழைய வேண்டும். அமெரிக்காவில் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பது பெருகியபோது பென்சில்வேனியாவின் டிமாக் கிராமத்தில் 2009 புத்தாண்டன்று ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. குடிநீர்க் குழாயில் தீ பற்றவைக்கும் படங்கள் உலகம் சுற்றின. மீத்தேன் அந்த மண்ணில் இயற்கையாகவே உண்டு என்றன நிறுவனங்கள். 2011-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். அதிலுள்ள கார்பனின் ஐசோடோப்பை வைத்து, சதுப்பில் நுண்ணுயிர் உண்டாக்கிய வாயுவையும் ஆழப் பாறையிலிருந்து வந்த வாயுவையும் பிரித்துப் பார்த்தார்கள். பல இடங்களில் குற்றவாளி பாறை உடைப்பு அல்ல. குழாயைச் சுற்றிப் போட்ட சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் வாயு மேலேறியதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2016-இல் தந்த பேரறிக்கை, சில சூழல்களில் குடிநீர் பாதிக்கப்படுகிறது என்று சொன்னது. எந்த அளவுக்கு என்று நாடு முழுமைக்கும் சொல்ல முடியாததற்கு, முந்தைய பதிவுகள் இல்லாததை ஒரு காரணமாகக் காட்டியது. பாலாற்றின் கதைதான், வேறு மொழியில்.

ஆனால் பென்சில்வேனியா ஒரு காரியம் செய்தது. 2012-இல் வந்த சட்டப்படி, பாறை உடைத்து எரிவாயு எடுக்கும் கிணற்றுக்கு 2,500 அடிக்குள் இருக்கும் குடிநீர், பணி முடிந்து 12 மாதத்துக்குள் கெட்டால், நிறுவனம்தான் கெடுத்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். மறுக்க நிறுவனத்துக்கு இருக்கும் முக்கிய வழி, தோண்டுமுன் எடுத்த சோதனை முடிவைக் காட்டுவது. பலன் என்னவென்றால், தோண்டுமுன் ஊர்க் கிணறுகளைச் சோதிக்க நிறுவனங்களே வீடு வீடாகப் போகின்றன. நம் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன அதே விதிதான். அங்கே அடி, மாதம் என்று அளவு போட்டு எழுதியதால் நடக்கிறது. நாம் கோட்பாடாக விட்டுவிட்டோம்.

டெல்டாவில் என்ன நடந்தது? மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வாயுவை எடுக்க முதலில் படுகையிலிருக்கும் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும், அது உவர்நீர். எங்கே விடுவார்கள் என்று கேட்டவர்களில் முதன்மையானவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். 2013 டிசம்பரில் அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே மறைந்தார். 2015-இல் திட்டத்தை மாநில அரசு மறுத்தது. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம். அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி எண்ணெய்க் குழாய் கசிந்தது. ஊர்த் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்றார்கள் மக்கள். தங்களால் அல்ல என்றது நிறுவனம். இந்த வழக்காடலில் நான் ஊர்ப் பக்கம் சாய்கிறேன் என்றாலும், நிறம் மாறியதற்கு நிலத்தின் இரும்பும் காரணமாக இருக்கலாம் என்பதை மறுக்க என் கையில் எதுவும் இல்லை. ஊரின் கையிலும் இல்லை. குழாய் வருமுன் எடுத்த நீர்ப் பதிவு கிடையாது. 2020 சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தொடவில்லை. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சட்டம் வந்ததால் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

பாலாற்றங்கரை இன்று மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி நீரைக் குடிக்கிறது. நல்ல தண்ணீர் வந்தது நல்லதுதான். ஆனால் குடிக்க மாற்று வந்த பிறகு கிணற்றைப் பற்றிக் கவலைப்படும் குரல் குறைந்துபோகிறது; வயலுக்குக் காவிரி வரவில்லை என்பது உழவருக்கு மட்டும் தெரிகிறது. மூன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் உழவர் குறைதீர்வுக் கூட்டம் நடக்கிறது. தோல் ஊர்களைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்த்தரத்தைக் கிராமவாரியாக, ஆண்டுக்கு இருமுறை, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்று அங்கே கேட்கலாம். 2025 தீர்ப்பு கையில் இருக்கிறது.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பாலாற்றங்கரையிலோ டெல்டாவிலோ கிணறு வைத்திருப்பவர்கள், பக்கத்தில் தொழிற்சாலை வந்திருந்தாலும் வரவிருந்தாலும், கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை நீரைச் சோதித்துவையுங்கள். இரண்டுக்கும் எண் மாறும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் எதிர்த்தரப்பு மற்றதைக் காட்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. கரைந்த உப்பு, குளோரைடு, சோடியம், கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, குரோமியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எரிவாயுக் குழாய் போகும் ஊராக இருந்தால் மீத்தேனையும் கேளுங்கள். குடிநீர்த் தரப் பட்டியலில் அது இல்லாததால் கேட்காமல் யாரும் பார்க்க மாட்டார்கள். தேதியும் முத்திரையும் உள்ள அந்தத் தாளைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.